பூட்டு பழசு, சாவி புதுசு

கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏற்றியாகிவிட்டது. அல்லது உபுண்டுவின் அடுத்த பதிப்புக்கு மாறியாகிவிட்டது. எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. கரண்ட் பில் கட்டலாம் என்று உலாவியைத் திறந்தால், வழக்கமாகத் தானே நிரம்பும் பாஸ்வேர்ட் கட்டம் காலியாக நிற்கிறது. இல்லையென்றால் இதுவரை பார்த்திராத ஒரு சின்ன ஜன்னல் வந்து, ‘கீரிங்’ என்ற எதையோ திறக்கப் பாஸ்வேர்ட் கேட்கிறது. சேமித்து வைத்ததெல்லாம் அழிந்துபோய்விட்டது என்றுதான் அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றும். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டதால், புதிய பதிப்புக்கு மாறி இந்தத் திகைப்பில் நிற்பவர்கள் இப்போது அதிகம்.

அப்போது செய்யக்கூடிய நல்ல காரியம், அந்த ஜன்னலை மூடிவிட்டு எழுந்து போய் ஒரு டீ போட்டுக்கொண்டு வருவதுதான். பாஸ்வேர்டுகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவை எங்கே, எப்படி வைக்கப்படுகின்றன என்று தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் சிக்கியது என்பதை நாமே கண்டுபிடித்துவிடலாம். இதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் வேண்டாம். நிதானம் இருந்தால் போதும்.

உலாவியிலிருந்து தொடங்குவோம். பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று குரோம் கேட்கிறது, நாம் சரி என்கிறோம். உடனே ‘லாகின் டேட்டா’ என்ற கோப்பில் ஒரு வரி சேர்கிறது. அந்தக் கோப்பு ஓர் அட்டவணைதான். தளத்தின் முகவரி ஒரு கட்டத்தில், பயனர் பெயர் இன்னொரு கட்டத்தில், பாஸ்வேர்ட் மற்றொரு கட்டத்தில். முகவரியும் பெயரும் படிக்கக்கூடிய எழுத்தாகவே இருக்கும். பாஸ்வேர்ட் மட்டும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். மறையாக்கம் என்றால், குறிப்பிட்ட ஒரு சாவி கையில் இருந்தால் மட்டுமே திரும்பப் படிக்க முடிகிற மாதிரி எழுத்துகளைக் கலைத்துப்போடுவது.

அந்தச் சாவி எங்கே இருக்கிறது? இதைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். பரணில் ஒரு நகைப்பெட்டி, பூட்டியிருக்கிறது. அதன் சாவி பீரோவுக்குள், புடவைகளுக்கு அடியில். பீரோவும் பூட்டியிருக்கிறது. அடிக்கடி சாவி தேட வேண்டாம் என்று வாசல் கதவுக்கும் பீரோவுக்கும் ஒரே சாவி பொருந்துகிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். ஆக, வாசல் சாவியோடு வீட்டுக்குள் வந்தவர் அதே சாவியால் பீரோவைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்னச் சாவியை எடுத்து, நகைப்பெட்டியைத் திறக்கலாம்.

கம்ப்யூட்டரிலும் இப்படித்தான். காலையில் உள்ளே நுழைய நாம் தட்டும் பாஸ்வேர்ட் வாசல் சாவி. உலாவியின் ‘லாகின் டேட்டா’ கோப்பு நகைப்பெட்டி. நடுவில் இருக்கும் பீரோ, இயங்குதளத்தின் சொத்து. விண்டோஸில் அதற்கு டிபிஏபிஐ என்று பெயர், விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கிறது. உபுண்டுவின் க்னோம் திரைச்சூழலில் அது க்னோம் கீரிங். கேடிஇ திரைச்சூழலில் கேவாலெட். மேக்கில் கீசெயின். பெயர்கள் வேறு, வேலை ஒன்றே: சின்னச் சாவிகளைப் பத்திரமாக வைத்திருந்து, வீட்டுக்காரர் வந்தால் மட்டும் எடுத்துக் கொடுப்பது.

இத்தனை பூட்டு எதற்கு என்று கேட்கலாம். லேப்டாப் தொலைந்துபோய், எடுத்தவர் அதன் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், கோப்புகளை நகலெடுக்க அவருக்கு எந்தத் தடையும் இல்லாமல் போகலாம். நகைப்பெட்டி அவர் கைக்குப் போய்விடும். ஆனால் நம் வாசல் சாவி தெரியாததால் பீரோ திறக்காது, பீரோ திறக்காததால் பெட்டியும் திறக்காது. நம் வங்கிக் கணக்கைக் காப்பது இந்த ஏற்பாடுதான். அப்கிரேடுக்குப் பிறகு நம்மைத் தடுத்து நிறுத்துவதும் இதே ஏற்பாடுதான். வந்திருப்பது நாம்தான் என்பதற்குச் சாவியைத் தவிர வேறு அத்தாட்சி எதுவும் அதற்குத் தெரியாது.

இங்கே சற்று நின்று, எல்லோருக்கும் வருகிற அந்த ஒரு தவறான எண்ணத்தைப் பார்த்துவிடுவோம். ‘அப்டேட் பாஸ்வேர்டையெல்லாம் அழித்துவிட்டது’ என்கிறோம். வழக்கமான அப்கிரேட் அந்தக் கோப்பில் கைவைப்பதே இல்லை. இயங்குதளத்தின் கோப்புகள் மாறும், நம் பயனர் கோப்புறை அப்படியே இருக்கும். நகைப்பெட்டி பரணில்தான் இருக்கிறது. வாசல் சாவிக்கும் பீரோவுக்கும், அல்லது பீரோவுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த தொடர்பு எங்கோ அறுந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம்? அழிந்துவிட்டது என்று நம்புகிறவர் அடுத்துச் செய்வது, ‘ரீசெட்’ என்று எங்கே எழுதியிருக்கிறதோ அங்கே அழுத்துவது. பழைய கீரிங்கை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்ற யோசனையை யாராவது சொன்னால் உடனே கேட்பது. அப்போது ஜன்னல் தொந்தரவு நின்றுவிடும், ஆனால் சின்னச் சாவி பழைய பீரோவோடு போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை நம்மால் திறக்க முடியாது. பாஸ்வேர்டுகளை அப்கிரேட் அழிப்பதைவிட, அப்கிரேடுக்குப் பிறகு வரும் நம் பதற்றம் அழிப்பதே அதிகம்.

தொடர்பு எங்கெல்லாம் அறுகிறது? முதல் இடம், வாசல் பூட்டு. நாமே நம் பாஸ்வேர்டை மாற்றும்போது பழையதை ஒருமுறை தட்டச் சொல்வார்கள், கவனித்திருப்பீர்கள். அந்தப் பழைய சாவியால் பீரோவைத் திறந்து, அதன் பூட்டையும் புதிய சாவிக்கு மாற்றிவிடுகிறது இயங்குதளம். ஆனால் சர்வீஸ் கடையில் கொடுக்கும்போது, அங்கே இருப்பவர் நிர்வாகி உரிமையைப் பயன்படுத்திப் பழைய பாஸ்வேர்ட் தெரியாமலேயே புதியதை வைத்துவிட முடியும். வாசல் பூட்டு மாறிவிடுகிறது. பீரோவுக்கு இந்தச் செய்தியே போகவில்லை. அது பழைய சாவிக்காகக் காத்திருக்கிறது.

இதற்கு வைத்தியம் எளிது. பழைய பாஸ்வேர்ட் நினைவிருந்தால் போதும். உபுண்டுவில் கீரிங் ஜன்னல் வரும்போது, இப்போதைய பாஸ்வேர்டுக்குப் பதில் முந்தையதைத் தட்டிப் பாருங்கள். திறந்துவிட்டால், ‘பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ்’ என்ற செயலியைத் திறந்து, அதில் ‘லாகின்’ என்ற கீரிங்கின் மீது வலது சொடுக்கிட்டு, அதன் பாஸ்வேர்டை இன்றைய வாசல் பாஸ்வேர்டாக மாற்றிவிடலாம். ஜன்னல் அதற்குப் பிறகு வராது. விண்டோஸில் உள்ளூர்க் கணக்கென்றால், பாஸ்வேர்டைத் திரும்பப் பழையதாகவே வைத்து உள்ளே நுழைந்தால் பீரோ திறக்கும். பிறகு முறைப்படி, பழையதைத் தட்டிப் புதியதுக்கு மாறிக்கொள்ளலாம்.

இரண்டாவது இடம், சாவியே இல்லாமல் உள்ளே வருவது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பாஸ்வேர்ட் கேட்காமல் நேரே திரைக்குப் போகும் வசதி இருக்கிறது. உபுண்டு போன்ற லினக்ஸில் கைரேகை வைத்து நுழையும் வசதியும் உண்டு. அப்கிரேட் சமயத்தில் இவற்றில் ஒன்றை நாம் தேர்ந்தெடுத்திருக்கலாம். வாசல் கதவு திறந்திருந்ததால் வந்துவிட்டோம், அல்லது நம் கையைப் பார்த்து உள்ளே விட்டார்கள். ஆனால் கையில் சாவி இல்லை. பீரோவை எதைக் கொண்டு திறப்பது? அதனால்தான் குரோமைத் திறந்தவுடன் கீரிங் பாஸ்வேர்ட் கேட்கிறது. இதில் பழுது எதுவும் இல்லை. நம் வழக்கமான பாஸ்வேர்டைத் தட்டினால் திறந்துகொள்ளும்.

இந்தத் தொந்தரவு வேண்டாம் என்று கீரிங்கின் பாஸ்வேர்டை வெற்றாக விடச் சொல்லும் யோசனை பரவலாக இருக்கிறது. ஜன்னல் வராது என்பது உண்மை. ஆனால் அப்படிச் செய்தால் கீரிங்கில் உள்ள எல்லாம் மறையாக்கம் இல்லாமல் டிஸ்க்கில் எழுதப்படும். பீரோவைத் திறந்து போட்டுவிட்டுப் போவதுதான் அது. வீட்டைவிட்டு நகராத, டிஸ்க் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்ட கம்ப்யூட்டர் என்றால் யோசிக்கலாம். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகும் லேப்டாப்பில் இதைச் செய்யாதீர்கள்.

மூன்றாவது இடம், பீரோவே மாறிப்போவது. லினக்ஸில் குரோம், எந்தத் திரைச்சூழலில் இருக்கிறோம் என்று பார்த்து, க்னோம் என்றால் க்னோம் கீரிங்கிலும் கேடிஇ என்றால் கேவாலெட்டிலும் தன் சின்னச் சாவியைத் தேடும். நேற்றுவரை ஒன்றில் இருந்து, இன்று மற்றொன்றுக்கு மாறினால், அது புதிய பீரோவைத் திறந்து பார்த்து, சாவி இல்லை என்று முடிவு கட்டிவிடும். 2024 பிப்ரவரியில் வந்த கேடிஇயின் பிளாஸ்மா 6 பதிப்பில் உள்ள கேவாலெட்டை அடையாளம் காண, குரோமுக்கு அடிப்படையான குரோமியம் உலாவிக்கே புதிதாக ஓர் ஏற்பாடு சேர்க்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் பழைய திரைச்சூழலுக்கு ஒருமுறை திரும்பிப் போய் உலாவியைத் திறந்தால், பட்டியல் அப்படியே வந்துவிடும். அங்கிருந்து பாஸ்வேர்டுகளை ஏற்றுமதி செய்துகொண்டு புதிய சூழலுக்கு வரலாம்.

நான்காவது இடம், ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துவோருக்கு உரியது. ஃபயர்ஃபாக்ஸ் இந்தப் பீரோக்களை நம்பாமல், பெட்டியையும் சாவியையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. லாகின்ஸ்.ஜேசன் என்ற கோப்பு பெட்டி, கீ4.டிபி என்ற கோப்பு அதன் சாவி. இரண்டும் ‘புரொஃபைல்’ என்ற ஒரே கோப்புறையில் இருக்கும். இவற்றில் ஒன்றை மட்டும் நகலெடுத்து வந்தால் பயன் இல்லை. இங்கே வரும் சிக்கல் சாவியைப் பற்றியது அல்ல, அறையைப் பற்றியது. 2019-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 67 முதல், ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனிப் புரொஃபைல் என்ற முறை வந்தது. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04, ஃபயர்ஃபாக்ஸை ‘ஸ்னாப்’ என்ற வேறு வகைத் தொகுப்பாக மாற்றியது. அதனால் புரொஃபைல் இருக்கும் கோப்புறையும் மாறியது. பட்டியல் காலி, புக்மார்க்குகளும் காலி என்றால், நாம் வேறு அறையில் நிற்கிறோம் என்று பொருள். முகவரிப் பட்டையில் ‘அபவுட்’ என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ‘புரொஃபைல்ஸ்’ என்று ஆங்கில எழுத்தில் சேர்த்தால், இருக்கும் அறைகளின் பட்டியல் வரும். பழையதைத் தேர்ந்தெடுத்துத் திறந்து பாருங்கள்.

ஐந்தாவது, இயங்குதளத்திலேயே பிழை இருப்பது. இது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10-இன் 2004 என்ற பதிப்பில், உலாவிகளும் மின்னஞ்சல் செயலிகளும் திரும்பத் திரும்பப் பாஸ்வேர்ட் கேட்கத் தொடங்கின. குறித்த நேரத்தில் தானாக ஓடும் சில பணிகள் இயங்கும்போது, சேமித்தவற்றைத் திறக்க முடியாமல் போனதுதான் காரணம். மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டு 2021 தொடக்கத்தில் சரிசெய்தது. அதுவரை, தம் பாஸ்வேர்டை யாரோ திருடிவிட்டார்கள் என்று பயந்தவர்களும் இருந்திருப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால், நிலுவையில் உள்ள அப்டேட்களைப் போட்டுப் பார்ப்பதும் ஒரு வழி.

ஆறாவதுதான் உண்மையாகவே கடினமானது. அப்கிரேட் என்று நாம் கொடுத்ததை, கடையில் ‘ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டாச்சு’ என்று திருப்பிக் கொடுப்பது. அப்கிரேட் என்பது அதே வீட்டுக்கு வெள்ளையடிப்பது. ஃபார்மட் என்பது வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவது. புதிய விண்டோஸில் உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் முன்பு போலவே இருந்தாலும், உள்ளே இருக்கும் பீரோ வேறு. பழைய ‘லாகின் டேட்டா’ கோப்பை மட்டும் கொண்டுவந்து வைத்தால், தளங்களின் பெயர்களும் பயனர் பெயர்களும் இருக்கும், பாஸ்வேர்டுகள் திறக்காது.

அப்போதும் கொஞ்சம் நம்பிக்கைக்கு இடம் உண்டு. டிஸ்க்கை முழுக்க அழிக்காமல் விண்டோஸை ஏற்றியிருந்தால், சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறை இருக்கும். பழைய வீடு முழுவதும், பீரோவும் சேர்த்து, அதில் இருக்கிறது. ஆனால் விண்டோஸ் அதை வழக்கமாக 10 நாட்களில் தானே நீக்கிவிடும். அதற்குள், பழைய பயனர் கோப்புறை முழுவதையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துவிடுங்கள். அந்தக் கோப்புறையும் பழைய பாஸ்வேர்டும் இருந்தால், விஷயம் தெரிந்த ஒருவர் அதற்கான கருவிகளைக் கொண்டு மீட்டுத்தர வாய்ப்பு உண்டு. அந்த ஒருவர் உங்கள் பாஸ்வேர்டுகள் அனைத்தையும் பார்க்க முடியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது இவற்றை எந்த வரிசையில் செய்வது என்று பார்ப்போம். முதலில் உலாவியை முழுவதுமாக மூடிவிட்டு, அதன் புரொஃபைல் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வைக்க வேண்டும். இதை ஒத்திப்போடக் கூடாது. அண்மைக் காலக் குரோம் பதிப்புகளுக்கு, திறக்க முடியாத பதிவுகளைத் தாமே நீக்கிவிடும் வசதி வந்திருக்கிறது. லினக்ஸில் கீரிங் கோப்புகளையும் சேர்த்து நகலெடுங்கள். உங்கள் ஹோம் கோப்புறையில், மறைந்திருக்கும் ‘லோக்கல்’ கோப்புறைக்குள், ‘ஷேர்’ என்பதற்குள், ‘கீரிங்ஸ்’ என்ற பெயரில் அவை இருக்கும். நகல் கையில் இருந்துவிட்டால், இனி செய்யும் பெரும்பாலான தவறுகளிலிருந்து திரும்பி வரலாம்.

அடுத்து, போனை எடுத்துப் பாருங்கள். குரோமில் கூகுள் கணக்கைச் சேர்த்து ‘சிங்க்’ செய்திருந்தால், அதே பட்டியல் உங்கள் ஆண்ட்ராய்டு போனின் கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜரில் இருக்கும். பலருக்குக் கவலை இங்கேயே தீர்ந்துவிடும். கம்ப்யூட்டரில் அதே கணக்கில் நுழைந்தால் எல்லாம் இறங்கிவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை: சிங்க் இருக்கும்போது கம்ப்யூட்டரில் ஒரு பதிவை நீக்கினால் போனிலும் அது நீங்கும். சரிசெய்கிறேன் என்று எதையும் நீக்கத் தொடங்காதீர்கள்.

பிறகு, கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்கும் ஜன்னல் வந்தால், சிக்கல் வாசல் சாவிக்கும் பீரோவுக்கும் நடுவில். பழைய பாஸ்வேர்டுகளை முயலுங்கள். ஜன்னல் எதுவும் இல்லை, புக்மார்க்குகள் இருக்கின்றன, பாஸ்வேர்ட் மட்டும் நிரம்பவில்லை என்றால், பீரோவுக்கும் பெட்டிக்கும் நடுவில். திரைச்சூழல் மாறியதா, யாராவது பாஸ்வேர்டை ரீசெட் செய்தார்களா என்று யோசியுங்கள். புக்மார்க், வரலாறு என்று எதுவுமே இல்லை என்றால், வேறு புரொஃபைலிலோ வேறு பயனர் கணக்கிலோ இருக்கிறீர்கள். இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால், தேட வேண்டிய இடம் வெகுவாகக் குறைந்துவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் திறக்கவில்லை என்றால், புதிய கீரிங் தொடங்குவதில் தவறில்லை. அப்போதும் பழைய கோப்பை நீக்காமல் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பழைய பாஸ்வேர்ட் சட்டென்று நினைவுக்கு வரலாம். மற்றபடி, வங்கியும் மின்னஞ்சலும் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்ற வழியை வைத்திருக்கின்றன. முதலில் மின்னஞ்சலை மீட்டுவிடுங்கள். மற்றத் தளங்களின் மீட்பு இணைப்புகள் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

இனி அப்கிரேட் செய்யப் போகிறவர்களுக்கு. உலாவியின் பாஸ்வேர்ட் அமைப்புகளில் ‘ஏற்றுமதி’ வசதி இருக்கிறது. அது தரும் சிஎஸ்வி கோப்பில் எல்லாம் படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கும். பென்டிரைவில் வைத்து, அப்கிரேட் முடிந்து எல்லாம் சரி என்று பார்த்ததும் அழித்துவிடுங்கள். இன்னும் நிலையான வழி வேண்டுமென்றால், கீபாஸ்எக்ஸ்சி போன்ற தனிச் செயலி இருக்கிறது. அது எல்லாவற்றையும் ஒரே கோப்பில், நீங்கள் வைக்கும் ஒரு தனிப் பாஸ்வேர்டால் பூட்டி வைக்கிறது. வீடு மாறினாலும் பீரோ மாறினாலும் அதற்குக் கவலையில்லை. கோப்பை எந்தக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோகலாம். மின்னஞ்சல், வங்கி, கம்ப்யூட்டர் நுழைவு ஆகிய முக்கியமான பாஸ்வேர்டுகளைத் தாளில் எழுதிப் பத்திரமாக வைப்பதும் நல்லதுதான். பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையரே 2005-இல் அதைப் பரிந்துரைத்து எழுதியிருக்கிறார்.

இன்றைக்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அப்பா, அம்மாவின் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பாருங்கள், இந்த அதிர்ச்சி அதிகம் தாக்குவது அவர்களைத்தான். பாஸ்வேர்டுகள் சிங்க் ஆகின்றனவா, நுழைவுப் பாஸ்வேர்ட் எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். பாஸ்வேர்டை மாற்றினால், பழையதையும் தேதி போட்டு ஒரு மாதமாவது வைத்திருங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘ஃபார்மட் பண்ண வேண்டாம், பாஸ்வேர்டை ரீசெட் பண்ண வேண்டாம், தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.